காதுக்குள் ஒரு பழைய பங்களா

அடுத்த மாதம் முதல் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கிலிருந்து ஒரு பாட்காஸ்ட் வரப்போகிறது. பேய்க்கதை, திகில் கதை, அதிலும் குறிப்பாக 'கோதிக்' என்று சொல்லப்படும் இருண்ட மாளிகைக் கதைகள். பேசப்போவது நானும், பக்கத்து சீட்டில் உட்காரும் என் தோழியும். பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. பதினோரு பெயர் எழுதிப் பார்த்தோம். அதில் ஒன்பதில் 'அமானுஷ்யம்' என்ற வார்த்தை இருந்தது. டெஸ்க்கே விழுந்து விழுந்து சிரித்ததில் எல்லாவற்றையும் அழித்தாயிற்று.

ஐடியாவைச் சொன்ன அன்று, மீட்டிங்கில் சீனியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, குடும்பப் பத்திரிகையில பேயா?"

"குடும்பம் இல்லாம பேய்க்கதையே கிடையாது சார்" என்றேன். பஞ்ச் டயலாக் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் நிஜமாகவே அப்படித்தான். எப்படி என்று இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

ஹெல்மெட் விழுந்த கல்யாண வீடு

சென்னை சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். வானத்தைக் குத்துவது போன்ற கோபுரம், நுனி கூர்மையான வளைவுகள். அந்தக் கட்டடப் பாணியின் பெயர்தான் கோதிக். ஐரோப்பாவில் இடைக்காலத்துக் கோட்டைகளும் தேவாலயங்களும் அந்தப் பாணியில் எழுந்தவை. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயருக்கு அந்தப் பாணி மீது அப்படி ஒரு மோகம். லண்டன் பக்கம் ட்விக்கன்ஹாமில் இருந்த தன் வீட்டையே ஒரு குட்டிக் கோட்டை மாதிரி மாற்றிக் கட்டினார். ஒருநாள் கனவில் ஒரு பழைய கோட்டையின் மாடிப்படி. அதன் கைப்பிடிச் சுவர் மேல் இரும்புக் கவசம் போட்ட ராட்சதக் கை ஒன்று. அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டார். 1764 டிசம்பரில் வந்த அந்த நாவல்தான் 'ஒட்ரான்டோ கோட்டை'. கோதிக் நாவல் என்ற வகையே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

கதை என்ன தெரியுமா? கல்யாண நாள். மாப்பிள்ளைப் பையன் மீது எங்கிருந்தோ ஒரு பிரமாண்டமான ஹெல்மெட் விழுந்து ஆள் நசுங்கிச் செத்துப்போகிறான். அப்பா மேன்ஃப்ரெட் அழுவதைவிட வேறொரு யோசனையில் இருக்கிறார். வம்சம் நிற்க வேண்டும். மனைவியைத் தள்ளி வைத்துவிட்டு, மருமகளாக வரவேண்டிய இசபெல்லாவைத் தானே கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கிறார். அந்தப் பெண் தப்பித்து, கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்கப் பாதையில் இருட்டில் ஓடுகிறாள்.

ஹெல்மெட்டைப் பார்த்து இன்று யாரும் பயப்பட மாட்டோம், சிரிப்புதான் வரும். சுரங்கப் பாதை அப்படி இல்லை. பின்னால் வருவது அந்த வீட்டின் பெரியவர். அவரை எதிர்த்துப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. சாவி எல்லாம் அவரிடம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கைச் சொல்லியிருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் சரி. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் யாரும் பயப்படுவார்கள். நாலாவதாக 'தம் இறை', அதாவது தன்னை ஆள்கிறவர், பட்டியலில் ஏறியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். கோதிக் கதைகளில் முதலாவதும் நாலாவதும் ஒரே ஆளாக வந்துவிடும். டிராகுலா வெறும் ரத்தக்காட்டேரி கிடையாது. அவர் ஒரு பிரபு, ஊரே நடுங்கும் ஜமீன்தார்.

ஆன் ராட்கிளிஃப் இதை இன்னும் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். 1794-ல் வந்த அவருடைய 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' நாவலுக்குப் பதிப்பாளர் கொடுத்த தொகை 500 பவுண்டு. அந்தக் காலத்து நாவலுக்கு அது வாய்பிளக்க வைக்கும் பணம். பெற்றோரை இழந்த எமிலி, அத்தையின் பொறுப்பில் வளர்கிறாள். அத்தை கட்டிக்கொண்ட மோன்டோனி என்ற ஆள் இருவரையும் மலை மேலிருக்கும் கோட்டைக்குக் கொண்டுபோய் அடைக்கிறான். எதற்கு? சொத்தை எழுதி வாங்க. முதலில் அத்தையிடம் கையெழுத்துக் கேட்கிறான், அவள் செத்ததும் எமிலியிடம் கேட்கிறான். நம் வீட்டு ராத்திரி எட்டரை மணி சீரியலில் இந்த ட்ராக்கை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அந்தக் கோட்டையில் ஒரு கறுப்புத் திரை தொங்கும். அதற்குப் பின்னால் என்ன என்பதை எபிசோடில்தான் சொல்வோம். ராட்கிளிஃபின் தனி முத்திரை, கடைசியில் எல்லா மர்மத்துக்கும் சாதாரண விளக்கம் கொடுத்துவிடுவார். பேய் இல்லை என்று தெரிந்த பிறகும் மோன்டோனி மீதான பயம் போகாது.

முதலில் கேட்டார்கள், பிறகுதான் படித்தார்கள்

"யூடியூப்ல வீடியோவாவே போடலாமே, ஏன் வெறும் ஆடியோ?" என்பது டெஸ்க்கில் வந்த அடுத்த கேள்வி. இதற்கு என்னிடம் மூன்று தேதிகள் இருக்கின்றன.

முதலாவது, 1816 ஜூன். முந்தைய வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துத் தள்ளிய சாம்பலால் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை; ஓயாத மழை. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஷெல்லி, மேரி, மேரியின் சகோதரி முறையான கிளேர், பைரனின் டாக்டர் பாலிடோரி எல்லோரும் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். பொழுதுபோக ஒரு பேய்க்கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார்கள். ஒருநாள் ராத்திரி பைரன் ஒரு திகில் கவிதையை ஒப்பிக்க, அதைக் கேட்ட ஷெல்லி அலறிக்கொண்டு அறையை விட்டே ஓடினார் என்று பாலிடோரி டைரியில் எழுதி வைத்திருக்கிறார். ஷெல்லிக்கு அப்போது வயது 23. அந்த வீட்டில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று ஆரம்பித்த போட்டியில்தான் 18 வயது மேரி 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலைத் தொடங்கினார். அதே கோடையிலிருந்துதான் பாலிடோரியின் 'வேம்பயர்' கதையும் பிறந்தது. கரன்ட் கட்டான ராத்திரியில் பாட்டியைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்ட யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

இரண்டாவது, 1897 மே 18. பிராம் ஸ்டோக்கர் லண்டன் லைசியம் தியேட்டரில் நிர்வாகியாக வேலை பார்த்தவர். 'டிராகுலா' நாவல் கடைக்கு வருவதற்கு எட்டு நாள் முன்பு, அதே தியேட்டரில் நடிகர்களை வைத்து முழுக்கதையையும் மேடையில் வாசிக்க வைத்தார். ரசிகர்களுக்காக அல்ல. வேறு யாரும் நாடகமாகப் போட்டுவிடக் கூடாது என்று நாடக உரிமையைச் சட்டப்படி பத்திரப்படுத்த இப்படி ஒரு வாசிப்பு தேவைப்பட்டது. ஆக, டிராகுலா உலகத்துக்குள் நுழைந்தது அச்சு வழியாகக்கூட அல்ல, குரல் வழியாக.

மூன்றாவது, 1938 ஜூலை 11. அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் தன் வானொலி நாடக வரிசையைத் தொடங்கிய நாள். முதல் நாடகமாக அவர் எடுத்தது டிராகுலா. அப்போது அவருக்கு 23 வயது. அந்தக் காலத்து அமெரிக்க வானொலியில் திகில் நிகழ்ச்சிகள் ராத்திரி நேரத்தில் சக்கைப்போடு போட்டன. 'லைட்ஸ் அவுட்' என்ற நிகழ்ச்சியில் தலையை வெட்டும் சத்தத்துக்கு முட்டைக்கோஸை வெட்டியிருக்கிறார்கள். ரப்பர் கையுறையை ஈரத்தோடு உள்வெளியாகத் திருப்பினால் என்ன சத்தம் வரும்? அதையும் செய்திருக்கிறார்கள், அது எதற்கு என்று சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

காய்கறிக்கடைச் சமாச்சாரம்தான். ஆனால் கேட்பவர் மனதில் அது முட்டைக்கோஸாக இருப்பதில்லை. வீடியோவில் பேயைக் காட்டிய நொடியில், மேக்கப் நன்றாக இருக்கிறதா, கிராபிக்ஸ் சொதப்பலா என்று மூளை வேறு வேலைக்குப் போய்விடும். காதில் மட்டும் கேட்கும்போது ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வீட்டைத்தான் கட்டிக்கொள்வார்கள். பங்களா என்று நான் சொன்னால் உங்களுக்குள் வருவது உங்கள் ஊர் பங்களா. மாடிப்படி என்றால் நீங்கள் சின்ன வயதில் ஓடி ஏறிய மாடிப்படி.

ராட்கிளிஃப் இறந்த பிறகு 1826-ல் வெளியான ஒரு கட்டுரையில், மனதை விரித்து விழிப்பாக்கும் அச்சம் வேறு, மனதைச் சுருக்கி உறைய வைக்கும் கோரம் வேறு என்று பிரித்துச் சொல்கிறார். திடீரென்று 'டமால்' என்று காதைக் கிழிக்கும் பின்னணி இசை இரண்டாவது ரகம். பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்கிறவரின் காதுக்கும் அது கெடுதல். எங்கள் பாட்காஸ்ட்டில் அது இருக்காது. நிம்மதியாக வால்யூமை வைத்துக்கொள்ளலாம்.

'உண்மைச் சம்பவம்' கிடையாது

இனி, டெஸ்க்கில் நிஜமாகவே சண்டை நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

'உண்மைச் சம்பவம்' என்று தலைப்பில் போட்டால் கேட்கிறவர்கள் கூடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். வால்போலுக்கே தெரிந்திருந்தது. தன் நாவலின் முதல் பதிப்பில் தன் பெயரையே அவர் போடவில்லை. பழைய இத்தாலியப் புத்தகம் ஒன்று கிடைத்தது, அதை மொழிபெயர்த்திருக்கிறேன் என்று ஒரு கற்பனை மொழிபெயர்ப்பாளர் பெயரில் கதை விட்டார். புத்தகம் ஹிட் ஆன பிறகு, 1765-ல் இரண்டாம் பதிப்பில்தான் நான்தான் எழுதினேன் என்று சொன்னார். இன்று நள்ளிரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகும் சேனல்களின் தாத்தா அவர்தான்.

ஆனால் வால்போல் விட்ட கதையில் யாருடைய வீட்டு முகவரியும் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு மாடி வீடு. தாத்தா இறந்ததும் பாட்டி மட்டும் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். யாரோ ராத்திரியில் வீட்டு வாசலை வீடியோ எடுத்து, ஆவி உலவும் வீடு என்று ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் பைக்கில் பையன்கள். செல்ஃபி, ஜன்னலில் கல். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். அடுத்து யாரும் வரவில்லை. கடைசியில் பாட்டி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் நடந்த ஒரே அமானுஷ்யம், பூட்டியிருந்த கேட்டை ராத்திரி ஒரு மணிக்கு ஆட்கள் ஏறிக் குதித்ததுதான்.

இதைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. 'பேய் பிடிச்சிருக்கு' என்ற வார்த்தையை நம் ஊரில் யார் மீது ஒட்டுகிறோம்? அதிகமும் பெண்கள் மீது. புதிதாகக் கல்யாணமானவள், பிரசவமாகி ஒரு மாதமானவள், தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருத்துவம் இருக்கிறது என்பது இன்னும் பல வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது குழந்தை. டிப்ளமோ படிக்கும்போது பழைய செய்தித்தாள்களில்தான் இதைப் படித்தேன். 'உண்மைச் சம்பவம்' என்று போட்டு ஒரு பெண்ணின் உடம்பில் பேய் புகுந்த கதையைச் சொன்னால், கேட்கிற யாரோ ஒருவர் தன் வீட்டுப் பெண்ணை அப்படிப் பார்க்கத் தொடங்குவார். எனக்கு அது வேண்டாம்.

கற்பனைக் கதை என்று சொல்லியே சொன்னால் வேறு ஒன்று நடக்கிறது. அதனால்தான் எங்கள் முதல் எபிசோடுக்கு டிராகுலாவை எடுக்கவில்லை. ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி 1892-ல் வெளியான 'மஞ்சள் வால்பேப்பர்' என்ற சிறுகதையை எடுத்திருக்கிறோம். குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு மனசு சரியில்லை. கணவர் டாக்டர். ஓய்வுதான் மருந்து என்று ஒரு பழைய மாளிகையின் மாடி அறையில் தங்க வைக்கிறார். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது. நாள் முழுக்க அவள் பார்க்க இருப்பது சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் கோலம் மட்டும். கொஞ்ச நாளில் அந்தக் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் ஊர்ந்து போவது அவளுக்குத் தெரிகிறது.

கணவர் கெட்டவரே இல்லை. ரொம்ப அன்பானவர். கதையில் என்னை நடுங்க வைப்பதே அதுதான்.

கில்மன் இதைச் சும்மா எழுதவில்லை. மகள் பிறந்த பிறகு அவருக்கும் மனச்சோர்வு வந்தது. அந்தக் காலத்தில் பேர்போன நரம்பியல் டாக்டர் வெயர் மிட்செல் இதே ஓய்வு சிகிச்சையை அவருக்கும் கொடுத்தார். பேனாவைத் தொடக்கூடாது என்றார். பைத்தியம் பிடிக்கும் எல்லைக்குப் போய்த் திரும்பி வந்ததாகவும், கதையை எழுதி அந்த டாக்டருக்கே ஒரு பிரதி அனுப்பியதாகவும் கில்மன் 1913-ல் எழுதியிருக்கிறார். பேய் என்ற வார்த்தையே தேவைப்படாத பேய்க்கதை. எபிசோடின் முடிவில் 14416 என்ற எண்ணையும் சொல்வோம். அது மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

அடுத்து 'ஜேன் அயர்'. 1847-ல் சார்லட் பிராண்டி எழுதியது. பணக்கார வீட்டின் மேல்மாடியில் ராத்திரியில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பேயா? வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கும் முதல் மனைவி. அந்த மனைவியின் பக்கத்துக் கதையை ஜீன் ரைஸ் என்ற எழுத்தாளர் 1966-ல் தனி நாவலாகவே எழுதினார். அதற்கு ஒரு எபிசோடு தனியாக வேண்டும் என்று தோழி ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

புதுமைப்பித்தனும் புடவை பீரோவும்

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943-ல் வந்தது. எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குள், மனைவி இரக்கப்பட்டு ஒரு பிச்சைக்காரியை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அப்புறம் ராத்திரிகளில் ஒரு வாசனை. அவள் யார் என்று கடைசி வரி வரை உறுதியாகத் தெரியாது. பேயா, தூக்கம் கெட்ட எழுத்தாளரின் கற்பனையா என்று பாதி பாதி நிற்கும். அந்த வாசனையை மைக்கில் பதிய முடியாது. குரலை வைத்துத்தான் வரவழைக்க வேண்டும். மூன்று முறை ஒத்திகை பார்த்தும் எங்களுக்குத் திருப்தி இல்லை, அதனால் அது ஐந்தாவது எபிசோடுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

நீங்களும் இப்படி ஒரு பாட்காஸ்ட் தொடங்க நினைத்தால் முதலில் பார்க்க வேண்டியது மைக்கை அல்ல, காப்புரிமையை. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை படைப்பின் உரிமை அவர் குடும்பத்துக்கோ பதிப்பாளருக்கோ இருக்கும். புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தவர், படைப்புகள் நாட்டுடைமையும் ஆகிவிட்டன, தாராளமாக வாசிக்கலாம். சுஜாதா மறைந்தது 2008-ல். 'கொலையுதிர் கால'த்தைப் பற்றிப் பேசலாம், விமர்சிக்கலாம். அனுமதி வாங்காமல் முழுசாக வாசித்துப் பதிவேற்றக் கூடாது. "பேரை மாத்திட்டா?" என்று கேட்பவர்களுக்கு 'நோஸ்ஃபெராட்டு' கதை. 1922-ல் ஜெர்மனியில் டிராகுலாவை உரிமை வாங்காமல், கவுன்ட் ஓர்லாக் என்று பெயரை மாற்றிப் படமெடுத்தார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் விடவில்லை. வழக்குப் போட்டு, எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு வாங்கினார். தப்பித்த சில பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று நமக்கு மிஞ்சியிருக்கிறது.

மற்றபடி செலவு குறைவுதான். எங்கள் ஸ்டூடியோ, தோழி வீட்டில் புடவை அடுக்கிய பீரோ. கதவைத் திறந்து வைத்து, புடவைகளைப் பார்த்துப் பேசினால் எதிரொலி வராது; பருத்தியும் பட்டும் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். பேசத் தொடங்கும் முன் அரை நிமிடம் அறையின் அமைதியை மட்டும் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வோம். எடிட்டிங்கில் இடையில் ஒரு வரியை வெட்டினால் அந்த இடத்தில் இதை ஒட்டலாம். 'ஆடாசிட்டி' என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு மட்டும் இதுவரை தீர்வு கிடைக்கவில்லை. ஒரு பதிவில் எமிலி கறுப்புத் திரையை விலக்கும் இடத்தில் சரியாக மூன்றாவது விசில். வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தோம்.

உங்கள் பாட்டி, தாத்தா சொன்ன பேய்க்கதைகளைக் கடிதமாக அனுப்புங்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். எழுதினாலும் நாங்கள் எடுத்துவிட்டுக் கதையாகத்தான் சொல்வோம். ஒவ்வொரு எபிசோடும் 25 நிமிடம். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் வெளியிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வைத்திருக்கிறோம். எங்கள் அம்மா அந்த நேரத்தில்தான் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு துணி மடிப்பார்.